பிடித்தம்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
வாஜித் பாயின் பழைய புத்தகக் கடை.
கையில் எண்ணூற்றைம்பது. போனஸில் மிச்சம்.
யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை,
அதுதான் சிரமம்.

ஒரு அடுக்கில் முதியோர் எழுத்துப் புத்தகம்,
பதினோரு பிரதி, நானூற்று நாற்பது,
அணிலும் ஆடும் போட்டது.
போன வருஷம் இதே அணிலைக் காட்டியதற்கு
திம்மக்கா சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள்:
"மூணு பெத்தவ நான். அணிலு தெரியாதா சாரு?
கூலிச் சீட்டுல இருக்கறதச் சொல்லு."
வீட்டில் தெலுங்கு, மாங்கூழ் கம்பெனியில் தமிழ்,
கையெழுத்துக்கு இடது கட்டை விரல்.

எதிர் அடுக்கில், தையல் பிரிந்த
லத்தீன் இலக்கணம். அறுநூறு.
எந்தக் குருமடத்திலிருந்து எடைக்கு வந்ததோ,
முத்திரை பாதி தேய்ந்திருக்கிறது.
எலத்தகிரியிலிருந்து போய்
இரண்டாம் வருஷமே
டிரங்குப் பெட்டியோடு திரும்பியவன் நான்.
சாமியார் ஆகாததில் வருத்தமில்லை.
ஐந்து வாய்பாட்டில்
மூன்றாவதோடு நின்றுபோனதில் உண்டு.

புரட்டினேன். முதல் பாடம்:
உழவன் ரோஜாவை நேசிக்கிறான்.
ஓ, இங்கேயும் அணில்தான்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க தம்பி, மழ வருது."

பதினோரு பேரை நினைத்தேன் என்று
எழுதத்தான் ஆசை.
லத்தீனைக் கட்டச் சொன்னேன்.
மிச்சக் காசுக்கு
நாலு சார்ட், ரெண்டு மார்க்கர்.
குற்றம் குறையும் அளவுக்கு.

வெள்ளிக்கிழமை.
காலி டின் அடுக்கிய கொட்டகை, சீசன் முடிகிற புளிச்ச வாடை.
கூலிச் சீட்டையே சார்ட்டில் பெரிதாக எழுதி ஒட்டினேன்.
பெயர். நாள். தொகை.
திம்மக்கா எழுந்து வந்தாள்.
மஞ்சள் ஏறிய, ஓரம் வெந்த நகத்தால்
ஒவ்வொன்றாகத் தொட்டாள்.
பி.
டி.
த்.
த.
ம்.

"பிடித்தமா?" திரும்பினாள். "யாருக்கு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.
சீட்டு எழுதுகிற குமாஸ்தா நான்தான்.
மாசா மாசம் என் கையெழுத்து,
அழகான கையெழுத்து, குருமடத்தில் பழகியது.
கையுறைக்கும் தொப்பிக்கும் நூற்று நாற்பது என்று
விளக்க வாயெடுத்தவன்
அந்த நகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

சைக்கிள் பையில் உழவன்
இன்னும் ரோஜாவை நேசித்துக்கொண்டிருந்தான்.

திம்மக்கா காத்திருக்கவில்லை.
விரலை ஒரு வரி கீழே இறக்கி
கூட்டத் தொடங்கியிருந்தாள்.