திங்கட்கிழமைக்கு ஒரு நடை

வெள்ளிக்கிழமை
அம்மா அனுப்பும் வெள்ளியை ரூபாயாக்கி
பாதியை மெஸ்ஸுக்குக் கட்டிவிட்டு
மீதியோடு வடசேரியில் பேருந்துக்கு நிற்கிறேன்.

நாகர்கோவிலில் நடிப்புப் படிக்கக்
கடல் தாண்டி வந்தவள் நான் ஒருத்திதான்.
சுங்கைப்பட்டாணியில் சிரித்தார்கள்:
"எல்லாரும் சென்னைக்குத்தானே போவாங்க, லா."

வாரக் கடைசிக்கு ஒரே வீட்டுப்பாடம்.
முன்பின் தெரியாத ஒருவருடைய நடையைத்
திங்கட்கிழமை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.
கேட்டு வாங்கக் கூடாது.

முதல் சனி, தோவாளை.
இருட்டோடு பூச்சந்தை.
பிச்சி மூட்டையைச் சுமந்தவன்
கழுத்தை அசைக்காமல்
கண்ணால் மட்டும் திரும்பினான்.
அதை அறைக்குக் கொண்டுவந்து
தலையில் வாளி வைத்துப் பழகினேன்.
பெனிலாவின் மெத்தை நனைந்தது.
"மக்கா, நீ நடிகை ஆவியோ என்னவோ,
நான் சளி பிடிச்சுச் சாவேன்."

பிறகு மாத்தூர் தொட்டிப்பாலம்.
புது மாப்பிள்ளை ஒருவன்
பயத்தை மனைவிக்குக் காட்டாமல்
சுண்டுவிரலால் மட்டும் சுவரைத் தொட்டுக்கொண்டு
அந்தக் கரை வரை போனான்.
மனைவி துள்ளிக்கொண்டு முன்னால் போனாள்.
நான் திருடியது சுண்டுவிரலை.

குலசேகரத்தில் மட்டும் கை வெறுமை.
நாங்கள் கித்தா என்பது இங்கே ரப்பர்.
மரத்துக்கு மரம் அரை ஓட்டம்,
பட்டையில் கத்தி இறங்கும்போது மட்டும் நிற்கிற மூச்சு.
இதில் திருட என்ன இருக்கிறது?
பத்து வயதிலேயே என்னிடம் இருந்ததுதானே.
திங்கட்கிழமை அம்மாவாக நடந்தேன்.
குலசேகரத்துக்காரர் என்று சொல்லி மதிப்பெண் வாங்கினேன்.

இரவு எட்டுக்கு அழைத்தால்
அங்கே பத்தரை, தூக்கக் குரல்.
"மூணு கடலும் சேர்ற எடத்தப் பாத்தியா?"
எட்டு மாதமாகிறது, இன்னும் போகவில்லை.
அங்கே யாரும் நடப்பதில்லை அம்மா,
படத்துக்கு நிற்கிறார்கள்.

போன ஞாயிறு முட்டத்திலிருந்து திரும்பும் பேருந்தில்
காலருகே மீன் சருவம்,
அதற்குப் பின்னால் லூர்தாள்.
பள்ளம் வரும் முன்பே
சருவத்தை முழங்காலால் அணைத்துக்கொண்டாள்.
நான் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பிள்ளே, கணக்கெடுக்க வந்தியா?
ஒனக்க ஊரு எது?"
சொன்னேன்.
"இங்க என்ன படிக்க?"
அதையும் சொன்னேன்.
"அதுக்கும் படிப்பு உண்டா!"

வெள்ளிச்சந்தையில் இறங்கியவள்
என்னையும் கையைப் பிடித்து இறக்கினாள்.
சருவத்தைக் கீழே வைத்தாள்.
என் பையை வாங்கி நெஞ்சுக்கு முன்னால் மாட்டினாள்.
முந்தானையை இரண்டு விரலால் பிடித்து
மோவாயைத் தூக்கி
எதிரே வந்த பேருந்தின் பலகையை
உதடு அசைய
எழுத்து எழுத்தாக வாசித்துக்கொண்டே
நாலு அடி வைத்தாள்,
தரை இருக்கிறதா என்று ஒவ்வொரு காலும்
கேட்டுக்கேட்டு.

டீக்கடை மொத்தமும் சிரித்தது.
எனக்குக் காது சுட்டது.
நான் உதடசைத்தா வாசிக்கிறேன்?

அந்த ஆட்டத்துக்குக் காசு கேட்கவில்லை,
ஆனால் ஐம்பது ரூபாய்க்கு நெத்திலி
வாங்காமல் விடவில்லை.
விடுதியில் அடுப்பு கிடையாது.
பூனைக்கு அன்றைக்குக் கிறிஸ்துமஸ்.

திங்கட்கிழமை என் முறை வந்தது.
"யாருடைய நடை?"
"லூர்தாள், மீன் விற்பவர்" என்றேன்.
பையை முன்னால் மாட்டினேன்.
துப்பட்டாவை இரண்டு விரலால் பிடித்தேன்.
மீன்காரி எதற்குப் பலகை வாசிக்கிறாள் என்று
இருபது பேரும் குழம்பியிருக்க,
பின்வரிசையில் பெனிலா மட்டும்
வாயைப் பொத்திக்கொண்டு
"ஏய், இது நீதானே, லா" என்றாள்.