பதம்

கிளைப்பேடா துறைமுகத்தில்
சுங்கக்காரர்கள் பிரித்த பெட்டியில்
உலர்ந்த மாம்பழத்துக்கும் புதுக் காலுறைகளுக்கும் நடுவே
பச்சை கலந்த பழுப்பில் ஒரு குப்பி.
ஐம்பது மில்லி.
சீட்டு எண்ணெயில் ஊறி எழுத்தெல்லாம் போய்
'வாத' என்பது மட்டும் மிச்சம்.
அதை வாசிக்க அந்த ஊரில் ஆளில்லை.

பாதரசம் உண்டா, ஈயம் உண்டா,
இரண்டே கேள்வி. மாதிரி எண் 417.

ஆய்வகத்தில் அவள் பெயர் ரசா.
லித்துவேனிய மொழியில் பனித்துளி.
வேறொரு மொழியில், வேறொரு உலையருகே
அந்தச் சொல் எவ்வளவு கனம் என்று
அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

அமிலம் விட்டு, மூடி இறுக்கி, சூடேற்றி,
எண்ணெய் என்ற ஒன்றே இல்லாமல் ஆக்கி
உலோகத்தை மட்டும் கூப்பிட்டாள்.
உலோகம் ஏனென்று கேட்கவில்லை.

வேலை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் குப்பியைத் திறந்தபோது வந்த வாசனை
கையுறையைத் தாண்டிச் சட்டைக் கைக்குள் ஏறி
எட்டாம் எண் பேருந்தில் கூடவே வீடு வந்தது.
மறுநாள், யாரும் கேட்காத கேள்விக்காக
ஒரு மைக்ரோலிட்டரை ஊசியில் எடுத்தாள்.
ஒரு பானைக்கு ஒரு சோறு.

முப்பது மீட்டர் மயிரிழைக் குழலுக்குள் நுழைந்த எண்ணெய்
வரிசையில் நின்று வெளியே வந்தது:
கற்பூரம் முதலில், அவசரக்காரன்;
கிராம்பு, யாரையோ தோளில் இடித்துக்கொண்டு;
ஆமணக்கு, வெகுநேரம் கழித்து, இடுப்பைப் பிடித்தபடி.
இருபத்துமூன்றாம் நிமிடத்தில்
பேரில்லாத ஒரு முகடு.
கணினி நான்கு பெயர் சொன்னது.
நான்கையும் அதுவே நம்பவில்லை.
மூன்று மாலைகள் அதோடு போயின.
கடைசியில் எதுவும் கலக்காத வெறுங்கரைப்பானை ஓட்டினாள்.
அங்கேயும் அதே முகடு.
குளிருக்கு வெடித்த விரல்களில்
அவளே தினம் பூசும் தேன்மெழுகுக் களிம்பு.

தனியே சிரித்துவிட்டு மீதியைப் படித்தாள்.
எள்ளில் இருந்திருக்க வேண்டிய செசமோலின்
அநேகமாய் இல்லை.
அது உடைந்தால் வருகிற செசமால் நிறைய.
அப்படியென்றால் அடுப்பு.
கருகல் எங்கேயும் இல்லை;
அப்படியென்றால் சிறுதீ, நெடுநேரம்,
பக்கத்தை விட்டு நகராத ஒருவர்.
எப்போது இறக்குவது என்று
அவருக்குத் தெரிந்திருக்கிறது.
அந்த எப்போதுக்குப் படிவத்தில் கட்டமில்லை.

அறிக்கை ஒரே பக்கம்.
ஈயம்: கண்டறியப்படவில்லை.
பாதரசம்: கண்டறியப்படவில்லை.
கையொப்பம்: ரசா.

குப்பிக்கு உரியவர் வந்தார்.
விகாந்தஸ், பாரந்தூக்கி ஓட்டுபவர்.
தினம் நூற்றுப்பன்னிரண்டு இரும்புப் படி
ஏறி இறங்கும் முழங்கால்.
கப்பல் சமையற்காரர் ஒருவர்
எங்கிருந்தோ அனுப்பியதாம்.
அறிக்கையை மடித்துப் பையில் போட்டார், வாசிக்கவில்லை.
"இது கேட்குமா?"
கேட்டது அவள்தான்.
அவர் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி
விரலால் மட்டம் பார்த்தார்.
நாற்பத்தொரு மில்லி.
"ஒன்பது எங்கே?" என்றார்.
பிறகு அவரே,
"சரி, மார்ச் வரைக்கும் வரும்."