மூன்று வரி

படிவத்தில் ஏழாம் இலக்கம்:
விலக்குக் கோருவதற்கான காரணம்.
கீழே மூன்று வரி, புள்ளி புள்ளியாய்.
சபையின் பேனை நூலில் கட்டியிருக்கிறது.
நூல் மூன்றாம் வரிக்கு எட்டாது.

எதை எழுத?
பாலையூற்றில் அப்பா வாங்கின இருபது பேர்ச்
உறுதியில் ஒரு கோடு விழுந்து
பத்தும் பத்தும் ஆனதையா?
தம்பி தன் பத்தை வள்ளக் கடனுக்கு விற்றான்.
கேற் அந்தப் பத்தில் நின்றது.
அதுவும் போயிற்று, பிணைச்சலோடு.
எனக்கு மிச்சம் மதில்,
மதிலில் நான் இடித்த மூன்றடி ஓட்டை.
அதற்குள்ளால் ஆள் போகலாம்.
அலுமாரி சரித்துப் போனது,
கட்டில் கழற்றிப் போனது.
லொறி போகாது.

லொறி என்றால் பெரிதில்லை, டிமோ பட்டா.
ஐஸ் ஏற்றுவது.
விடியப்புறம் மூன்று மணிக்குக் கொட்பேக்கு
நான்தான் ஓட்டுவேன்.
றொபின்சனுக்கு இருட்டில் கண் பிடிக்காது.
ராவெல்லாம் அது தெருவில் நிற்கும்.
போன மாசி பஸ் ஒன்று
பக்கக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போனது.
அதற்கு முதல் மாதம் பற்றரியை யாரோ.
இதெல்லாம் காரணமா ஐயா, முறைப்பாடா?
முறைப்பாட்டுக்கு வேறு படிவமாம்,
வேறு யன்னல்.

இரண்டு வாகன வாசலுக்கு நடுவில்
ஆறு மீற்றர் வேண்டும் என்கிறது விதி.
இடப்பக்கம் மின்கம்பம், தலையில் ட்ரான்ஸ்போமர்.
அதை நகர்த்த மின்சார சபை கேட்ட காசுக்கு
இன்னொரு பட்டா வாங்கலாம், பழசு.
வலப்பக்கம் நஸ்மியா ரீச்சரின் கேற்
(என்னுடைய பழைய கேற்.
பச்சைக்கு மேல் இப்போது கறுப்பு).
நான் அளந்தபோது நாலு தசம் ஒன்று.
குறைவது ஒன்று தசம் ஒன்பது.
அது எவ்வளவு என்று விளங்காமல்
ஒருநாள் மத்தியானம், தெருவில் சனம் இல்லாத நேரம்,
மதிலோரம் படுத்துப் பார்த்தேன்,
கையைத் தலைக்கு மேல் நீட்டி.
மட்டாய் வந்தது.

அளக்க வந்த பொடியன் மதுரங்கன்.
நாடாவின் மறுமுனை பிடிக்க ஆள் கொண்டுவரவில்லை.
ரீச்சர் பள்ளிக்கூடத்துச் சாறியோடு
வந்து பிடித்தா.
அந்த நேரம் பார்த்து மான் ஒன்று,
சந்தைப் பக்கம் வாழைத்தோல் தேடி அலைகிற
இந்த ஊர் மான்,
ரீச்சரின் கேற்றால் உள்ளே போய்
நடுமதில் இன்னும் கட்டாத இடத்தால் கடந்து
என் ஓட்டையால் வெளியே வந்து
நாடாவைக் கண்டு நின்றது.
மதுரங்கன் நாடாவை உயர்த்தினான்.
அது குனியாமல் போனது.

பிறகு திரும்ப இழுத்துப் பிடித்து வாசித்தான்:
நாலு தசம் மூன்று.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ரீச்சர் அரை அடி பின்னுக்குத் தள்ளி
நின்றிருக்கலாம்.
பின்னேரம் கடிதம் தந்தா,
"ஆட்சேபனை இல்லை" என்று,
அடியில் சிவப்புப் பேனையால் கோடிழுத்து,
சரியான விடைக்கு இழுப்பதுபோல.

"கெதியா எழுதுங்கோ, பன்னிரண்டரைக்குப் பூட்டிடுவம்,"
யன்னலுக்குள் மிஸ்.
எனக்குப் பின்னால் இன்னும் நாலு பேர்.
முன்னால் நிற்பவரின் முதுகு இல்லாததால்
ஒளித்துக்கொள்ளவும் வழியில்லை.
எழுதினேன்:

இடம் போதாது.

மிஸ் வாசித்தா. மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தா.
"படிவத்திலயோ, வளவிலயோ?"
"ரெண்டிலயும், மிஸ்."
சிரிக்காமல் முத்திரை குத்தினா.
கூட்டம் இருபத்தொன்பதாம் திகதியாம்.
தவிசாளர் வந்தால்.

பற்றுச்சீட்டை மடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.
காவலாளி கத்திக்கொண்டு நின்றான்:
"ஆற்ற லொறி இது? வாசலை மறிச்சு!"
அடியில் ஐஸ் உருகி
சபைப் படி வரைக்கும் ஓடியிருந்தது தண்ணீர்.