எண்பத்தாறு டிகிரி

நாலாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில்
தண்ணீருக்குப் பொறுமை குறைவு.
எண்பத்தாறிலேயே கொதித்துவிடும்.
பயறு வேகாது.
முட்டைக்குக் கூடவே மூன்று நிமிடம் வேண்டும்.
நீவெஸ் அயவிரேவுக்கு இதெல்லாம் மனப்பாடம்.
எல் தாத்தியோ வாசலில்
பதினோரு வருடமாக அவள்தான் சீட்டுக் கிழிக்கிறாள்.

விடியுமுன் மைனஸ் பன்னிரண்டு.
கோக்கா இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு
மலையேறி வரும் வேன் விளக்குகளை எண்ணுவாள்.
இறங்குகிறவர்கள் முதலில் தலையைப் பிடித்துக்கொள்வார்கள்,
பிறகு கேமராவை.
எப்போது பீறிடும்? என்பார்கள்.
அதைத்தான் கேட்க வேண்டும் என்பாள்.

கீழே நடப்பது வேறு.
என்றைக்கோ பெய்த பனி
பாறை வெடிப்புகளில் இறங்கி, வழி மறந்து,
எரிமலையின் சூட்டுக்கு முதுகைக் கொடுத்துக் கிடக்கிறது.
நூறு, நூற்றுப் பத்து, இன்னும் மேலே.
கொதித்திருக்க வேண்டும்.
கொதிக்கவில்லை.
தலைக்குமேல் நிற்கும் நீரின் கனம்
அழுத்திப் பிடித்திருக்கிறது.
தண்ணீர்ப் பானைக்குத் தண்ணீரே மூடி.
கிணறாக அகன்றிருந்தால்
சூடு மேலேறி ஆறியிருக்கும்.
இது தொண்டை.
சிலிக்கா பூசிப் பூசித் தானே இறுக்கிக்கொண்ட தொண்டை.

செவ்வாய்க்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூட்டம்.
துளைபோடும் கம்பெனிக்காரர்
வழவழப்பான வரைபடம் விரித்தார்.
நீராவி, மின்சாரம், தார்ச்சாலை.
ஊற்றுக்கு ஒன்றும் ஆகாது என்றார், நான்காம் முறை.
நீவெஸ் கடைசி பெஞ்சில்.
முதல் மூன்று கூட்டத்திலும் அங்கேதான்.
தம்பி எலியாசர் அந்தக் கம்பெனியில் லாரி ஓட்டுகிறான்.
அம்மாவின் இன்சுலின் அவன் சம்பளத்தில்.
ஒரு வாயை அடைக்க அது போதும்.

யாரோ தேநீர் நீட்டினார்கள்.
கோப்பை சாய்ந்து வரைபடத்தின் ஓரத்தில் கொஞ்சம் சிந்தியது.
கம்பெனிக்காரர் சிரித்தார்:
"பரவாயில்லை, வெறும் தண்ணீர்தானே."

அடியிலிருந்து ஒரு குமிழி வரும்.
பிறகு நாலைந்து.
விளிம்பில் ஒரு கை அளவு நீர் வழியும்,
அதை யாரும் படம் எடுப்பதில்லை.
அந்த ஒரு கைக் கனம் குறைந்ததும்
அடியில் அடங்கிக் கிடந்தது
இனி நீராக இருக்க முடியாதென்று கண்டுகொள்கிறது.
ஆயிரம் மடங்குக்கு மேல் விரிகிறது.
மேலே இருப்பதையெல்லாம் தூக்கி எறிகிறது.

நீவெஸ் எழுந்தாள்.
பதினோரு வருடத்தையும் பேசினாள்.
வற்றிப்போன மூன்று வாய்களை, தேதியோடு.
லாமாக்கள் வாய்வைக்கும் ஓடையை.
முதல் நாள் தன் கையெழுத்தில் எழுதிவைத்த
ஊற்றுகளின் எண்ணிக்கையை.
குரல் உடைந்தது, நிற்கவில்லை.
கம்பெனிக்காரர் பேனாவை மூடினார்.
எலியாசர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அவளுக்கு அது தெரிந்தது.
தெரிந்தும் பேசினாள்.
கடைசியில் வெறும் மூச்சுதான் வந்தது.
எதுவும் முடிவாகவில்லை; அடுத்த கூட்டம் மார்ச்சில் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை.
தம்பி போனை எடுப்பதில்லை.
இன்சுலின் இன்னும் ஒன்பது நாளுக்கு வரும்.
வெள்ளைப் புகைத்தூண் விழுந்து, வாய் காலியாகி,
ஈரக் கல் மட்டும் மினுங்குகிறது.
மஞ்சள் தொப்பிப் பையன் ஒருவன்
அவ்வளவுதானா என்கிறான்.

நீவெஸ் பதில் சொல்லவில்லை.
பாறைக்குள் எங்கோ, மிக ஆழத்தில்,
தண்ணீர் இறங்குகிற சத்தம்.
பக்கத்துச் சுனையில் கட்டித் தொங்கவிட்ட வலைப்பையைத் தூக்கி
ஒரு முட்டையைத் தட்டிப் பார்த்தாள்.
வேகவில்லை.
திரும்ப இறக்கினாள்.