கோபுர முத்திரை

தேன்கனிக்கோட்டை தாலுகா ஆபீஸ் எதிரில்
எனக்கு ஜெராக்ஸ் கடை.
பதினோரு வருஷமாகச் சிக்கமாதியின் மனுவை
அடித்தும் நகலெடுத்தும் கொடுத்தவன் நான்.
பக்கத்துக்கு ஐம்பது காசாக இருந்தபோது தொடங்கியது.
மகளுக்கு, இருளர் என்று ஒரு சான்று.
அவ்வளவுதான் மனு.

ஜெனீவாவில் பேச அழைப்பு வந்த அன்றும்
அஞ்செட்டி பஸ்ஸை விட்டிறங்கி
நேரே என்னிடம்தான் வந்தாள்.
"மூணு நிமிசம் குடுத்திருக்காங்க. எவ்வளவு வரும்?"
நாற்பது பக்கம் நகலெடுக்கிற நேரம் என்றேன்.
"மிஷினை ஓடவிடு."

வெறுந்தாள் நாற்பது விழுவதற்குள்
கிழங்கு தோண்டப் போன அக்கா மேல்
வனத்துறை போட்ட வழக்கைச் சொன்னாள்,
யானைக்கு வெட்டிய அகழி
இடுகாட்டை இரண்டாக்கியதைச் சொன்னாள்.
கடைசித் தாள் விழுந்தபோது
"ஐயோ, தண்ணியை விட்டுட்டேன்" என்றாள்.
தண்ணீருக்காக அகழியைச் சுருக்கினோம்.

தட்டச்சு செய்கையில், பழக்க தோஷம்,
'பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று முடித்துவிட்டேன்.
திரையில் விரல் வைத்தாள்.
இது என்ன?
எல்லா மனுவிலும் இருப்பதுதானே என்றேன்.
"எடு.
கைமாத்துக் கேக்கவா போறேன்?"

போய் வந்தாள்.
குளிரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்து நாற்காலியில் ஒருத்தி,
பனிநாட்டில் கலைமான் மேய்க்கிறவளாம்,
அவளிடமும் யார் நீ என்று காகிதம் கேட்டார்களாம்.
காதுக்கருவியில் அது தமிழாக வந்து சேர
இவள் சிரித்தது
கொஞ்சம் தாமதமாகக் கேட்டதாம் அந்த மண்டபத்துக்கு.
சிவப்பு விளக்கு எரிந்த பிறகும்
மைக்கை விடாமல்
தண்ணீரைச் சொல்லி முடித்தாளாம்.

கழுத்தில் போட்டிருந்த அட்டையைக் காட்டினாள்.
படம், பெயர், பழங்குடிப் பிரதிநிதி.
நகலெடுத்து மனுவோடு பின் அடித்தோம்.
எழுத்தர் முன்னும் பின்னும் திருப்பினார்.
"உலகமே ஒத்துக்கிட்டாலும்
இதுல கோபுர முத்திரை இல்லையேம்மா."

அவள் சண்டை பிடிக்கவில்லை.
கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு
பழைய மனுவைத் திறக்கச் சொன்னாள்.
கீழே போ, கீழே போ என்றாள்
கடைசி வரி வரும்வரை.
"இங்கேயும் எடு."

எடுத்தேன்.
நிமிர்ந்தால் வாசலில்
அவள் ஊர்ப் பெண்கள் ஒன்பது பேர்.
ஆளுக்கொரு பழைய மனு கையில்.
எல்லாவற்றிலும் நான் அடித்த
அதே வரி.