எல்லைக்கல்லில் ஒதுங்கிய கட்டை

சைபீரியாவின் ஏதோ ஓர் ஆற்றில் நழுவி
ஐந்து குளிர்காலம் பனிக்கட்டியோடு ஊர்ந்து
ஐஸ்லாந்துக்கு வந்த கட்டை
ஒதுங்க இடம் பார்த்ததே:
வேர்ப்பக்கம் ஹால்ஃபிரீதூர் கரையில்,
நுனிப்பக்கம் ஐவிந்தூர் கரையில்,
நடுவில் எல்லைக்கல்.

எங்கள் ஊர் வழக்கம் சின்னது.
கடல் கொண்டுவருவது கரைக்காரருக்கு.
கரைக்காரர் இருவர் என்றால் என்ன செய்வது,
அதற்கு வழக்கம் இல்லை.

ஒரு கிடாய்க்காகப்
பதினோரு வருடம் முகம் பார்க்காதவர்கள்.
புதன்கிழமை மாலை மட்டும்
மீனெண்ணெய் நாற்றம் போகாத பழைய ஆலையில்
ஒரே கூரைக்கடியில் இருப்பார்கள்,
அவள் வடக்கு மூலையில் இழைப்புளியோடு,
அவன் அடுப்புப் பக்கம் துளைப்பானோடு.
நடுவே நாங்கள் ஏழு பேர்
வலை மிதவையில் விளக்கும்
உடைந்த படகில் அலமாரியும்
செய்துகொண்டிருப்போம்,
அல்லது செய்வதாகச் சொல்லிக்
காபி குடித்துக்கொண்டிருப்போம்.

குறுக்கே அறுத்தால் ஆளுக்குப் பாதி.
ஒருவரும் அதைச் சொல்லவில்லை.
டிராக்டரில் கட்டி இழுத்துவந்த ஸ்வான்லாய்க்
யாரையும் கேட்காமல்
நெடுக்குவாட்டில் கோடு போட்டாள்.

உப்பு குடித்த மரம் ரம்பத்தைத் தின்னும்.
இரண்டு பிளேடு போயிற்று.
மூன்றாவது, பாதியில் கிறீச்சிட்டு நின்றது.
உள்ளே விரல் நீள ஆணி.
மரம் அதன்மேல் சதை வளர்த்து மூடியிருந்தது.
எங்கோ எவரோ எதையோ மாட்ட அடித்தது,
ஒரு கோட்டு, ஒரு வாளி.
"பிடுங்காதே" என்று
இரண்டு மூலையிலிருந்தும் ஒன்றாய்க் குரல் வந்தது.
பிறகு இருவரும்
அவரவர் கையிலிருந்ததை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்கள்.

பெஞ்சு ஆயிற்று.
தேய்த்தது நான், அதனால் சொல்லலாம்,
அவ்வளவு வழவழப்பில்லை.
ஒரு கால் விரற்கடை குட்டை.
பீப்பாய் மூடியில் ஒரு சில்லு சீவி
ஐவிந்தூர் கீழே செருகினான்.
ஹால்ஃபிரீதூர் உட்கார்ந்து, இடுப்பை அசைத்து,
"ஆடுது" என்றாள்.
இன்னொரு சில்லு.
"ஆடல."

அவ்வளவுதான்.
கிடாய் விவகாரம் அப்படியே இருக்கிறது.

வாரத்துக்கு இரண்டு முறை பஸ் நிற்கும் இடத்தில்
போட்டிருக்கிறோம்.
வேர்ப்பக்கம் அவள், நுனிப்பக்கம் அவன்,
நடுவே ஆணி கக்கிய கறுப்புக் கறை,
அதன்மேல் யாருடைய கூடையாவது.

உப்பேறிய பலகை
மழைக்கு முந்தியே வியர்த்துவிடுகிறது.
பின்பக்கம் ஈரமானதும் எழுந்துவிடுவோம்,
கொடியில் துணி காயப்போட்டவர்கள் முதலில்.