காரணம்: தெரியாது

பாசலில் மூன்றாம் மாடி. ஜன்னலுக்குக் கீழே
ரைன் ஓடும் இடத்தில் மூடுபனி.
என் வேலை கட்டம் நிரப்புவது.
மருந்து: பொட்டாசியம். நேர்ந்தது: நிமோனியா.
காரணம்: தெரியாது.
நாற்பது வரிகள் இப்படியே ஓடின.

நாற்பத்தொன்றில்
லீஸ்டால் டாக்டர் ஒருவர்
ஓரத்தில் கிறுக்கியிருக்கிறார்:
பெண், எண்பத்திரண்டு, தனியே வசிக்கிறார்.
மாத்திரை பெரிதாம்,
விழுங்கும்போதெல்லாம் புரையேறுகிறதாம்.
காய்ச்சல் தேறிவிட்டது. மாத்திரை தொடர்கிறது.

புரையேறினால்
யாரோ நினைக்கிறார்கள் என்போம்,
உச்சந்தலையில் தட்டுவோம்.
அதற்கு இங்கே கட்டம் இல்லை.
இருமல் என்று குறித்தேன்.

ட்ராமில் அந்தம்மா ஞாபகம்.
வீட்டுக்கு வந்து
வெங்காயம் நறுக்கும்போதும்.
சட்டென்று பயம் பிடித்தது:
மணி எட்டு, மாத்திரை நேரம்.
நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.